லைன் வீடுகளுக்கு ரோஸ் பெயிண்ட்

செப்டம்பர் 8, ஞாயிறு

இந்த டைரி என் மகன் மோகன் ஜனவரியிலேயே கொடுத்தது. "தனியா இருக்கறே, செவுத்தோட பேசறதுக்கு இதுல எழுதும்மா" என்றான். நான் எங்கே சுவரோடு பேசினேன்? அரிசிப் பானையோடு பேசுவேன், அது வேறு. இத்தனை மாதமும் டைரியின் மேல் ஊறுகாய் ஜாடி உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு வந்த ஆத்திரத்தை எங்காவது கொட்டாவிட்டால் சோறு இறங்காது என்பதால் ஜாடியை நகர்த்திவிட்டு எடுத்தேன்.

காலையில் கோலம் போட்டு நிமிர்கிறேன், ஜீன்ஸும் தொப்பியுமாக ஒரு பெண் என் வீட்டுச் சுவரை டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறாள். வீட்டை அளந்தால் என்ன அர்த்தம்? ஒன்று விற்கப் போகிறார்கள், இல்லாவிட்டால் இடிக்கப் போகிறார்கள். மில்லை ஏலத்தில் எடுத்த புது முதலாளி அனுப்பிய ஆள் என்றே நினைத்துவிட்டேன்.

"யாரைக் கேட்டு அளக்கறே கண்ணு? இதென்ன உன்ற அப்பன் கட்டின செவுரா?"

அவள் பயந்து டேப்பைக் கீழே போட்டாள். "ஆண்ட்டி, நான் இடிக்க வரலை. இடிக்கக்கூடாதுன்னு சொல்றதுக்குத்தான் அளக்கறேன்" என்றாள். பெயர் மிருதுளா. பழைய கட்டடங்களைப் பற்றிப் படித்தவளாம். எதை வைத்துக்கொள்ளலாம், எதை இடிக்கலாம் என்று சொல்ல அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டிருக்கிறதாம். அதற்கு இவள்தான் எங்கள் காலனியைப் பற்றி எழுதித் தர வேண்டும்.

எதிர் லைனில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆறுச்சாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "என்னுங்க அம்மிணி, வந்த மகாலட்சுமியத் தொரத்தறீங்க!"

அந்த ஆளுக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர வேறு சோலியே கிடையாது.

செப்டம்பர் 11, புதன்

மிருதுளா இன்றும் வந்தாள். காப்பி கொடுத்தேன். அன்று கத்தியதற்கு இது சரியாகப் போயிற்று.

பவளநாயகி மில்லின் கதையைச் சொல்லச் சொன்னாள். நான் கல்யாணமாகி வந்தபோது இந்தக் காலனியில் ஆறு லைன்கள், அதாவது ஆறு வரிசை வீடுகள், இருந்தன. மழை பொய்த்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு மில்காரர்களே கட்டிக் கொடுத்த வீடுகள். செங்கல் சுவர், மேலே சுண்ணாம்பு, ஓட்டுக் கூரை. மில் சங்கு ஊதினால்தான் இங்கே பொழுது விடியும், சோறு வேகும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று ஆள் மாறி ஆள் தூங்குவார்கள். நான் ரீலிங்கில் நூல் சிட்டம் சுற்றினேன். என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங். ஆறுச்சாமி கார்டிங்கில் பஞ்சு தூசிக்குள் நின்று நின்று புருவமெல்லாம் வெள்ளையாக வருவார். இப்போது நிஜமாகவே வெள்ளை.

மில் நின்று இருபது வருடத்துக்கு மேலாயிற்று. நாலு லைன் விழுந்துவிட்டது. மிச்சம் எதிரெதிரே இரண்டு. மேற்கு லைனில் பெண்டாட்டி போன பிறகு தனியாக இருக்கிற ஆறுச்சாமி, மரகதம் என்று ஆறு குடும்பம். கிழக்கு லைனில் நான் ஒருத்திதான், மற்ற வீடெல்லாம் பூட்டு.

"ஆறுச்சாமி அங்கிளும் உங்க வீட்டுக்காரரும் நல்ல பழக்கமா?" என்று கேட்டாள். நல்ல பழக்கம்! என் வீட்டுக்காரர் சிவப்புக் கொடி சங்கம், ஆறுச்சாமி நீலக் கொடி. ஸ்டிரைக் சமயத்தில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்கூட ஏற மாட்டார்கள். ஆனால் என் வீட்டுக்காரர் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சைக்கிளில் கஞ்சி கொண்டு வந்தது ஆறுச்சாமிதான். அதை மிருதுளாவிடம் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

மில் கேட்டுக்கு வெளியே இருக்கிற பழைய கேன்டீன் ஹாலில் எல்லோரையும் கூட்டி மிருதுளா விவரமாகச் சொன்னாள். அக்டோபர் பத்தாம் தேதி கமிட்டி வருகிறது. பார்த்துப் பிடித்துப்போனால் லைன்கள் நிற்கும், நாங்களும் இங்கேயே இருக்கலாம். பிடிக்காவிட்டால் தை பிறப்பதற்குள் எல்லாம் தரைமட்டம்.

இடித்தால் நான் ஓசூருக்குத்தான் போக வேண்டும். மோகன் தங்கமான பிள்ளை, மருமகள் ஹேமலதாவும் ஒரு சொல் சொல்ல மாட்டாள். போன வருடம் மூன்று வாரம் இருந்தேன். எட்டாவது மாடி. பால்கனியில் நின்றால் கீழே போகிறவர்களின் உச்சந்தலைதான் தெரியும், முகம் தெரியாது. முகம் தெரியாதவர்களை எப்படித் திட்டுவது?

கடைசியில் மிருதுளா, "நீங்க யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும், அவங்க வந்து பார்த்துப்பாங்க" என்றாள். எவ்வளவு மரியாதையான பிள்ளை!

அவள் போனதும் ஆறுச்சாமி கேட்டார். "ஒண்ணும் வேண்டாங்குதே அம்மிணி, என்ன ரோசனை?"

"பொண்ணு பாக்க வர்றவங்களுந்தான் ஒண்ணும் வேண்டாம், வெறுங்காப்பி போதும்ங்கறாங்க. அப்படியே விட்டுருவீங்களா? பஜ்ஜி, கேசரி பண்ணாம எந்த வீட்டுல பொண்ணு காட்டியிருக்காங்க?"

ஹாலே தலையாட்டியது. அதுவும் கமிட்டி வருவது ஆயுத பூஜை முடிந்த கையோடு. மில் ஓடின காலத்தில் ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் அடிக்காத கம்பி ஒன்று உண்டா? பெயிண்ட் அடிப்பது என்று முடிவாகிவிட்டது.

செப்டம்பர் 20, வெள்ளி

கலரில் வந்து நின்றது சண்டை. சிவப்பு என்றால் நீலக் கொடிக்காரர்கள் எழுந்து போகிறார்கள். நீலம் என்றால் எங்கள் ஆட்கள் துண்டை உதறுகிறார்கள். மில்லே இல்லை, சங்கமே இல்லை, இந்த வீறாப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை! மரகதத்தின் மருமகன் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். கல்யாண மண்டபத்துக்கு அடித்து மீந்த ரோஸ் கலர் டிஸ்டம்பர் கிடக்கிறது, சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். ரோஸ் யாருடைய கொடியிலும் இல்லை. ஏகமனதாக ஒப்புக்கொண்டோம்.

செப்டம்பர் 23, திங்கள்

வேலை ஆரம்பம். என் லைனில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு முன்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசச் சொன்னேன். பூட்டிக்கிடக்கிற வீடுகளையும் விடவில்லை. செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா?

செப்டம்பர் 26, வியாழன்

ஆறுச்சாமி அவர் லைனுக்கு ஒரே கோட்தான் அடிக்கிறார், அதுவும் தண்ணீர் மாதிரி. "என்னுங்க, செவுத்துக்குப் பவுடர் பூசறீங்களா?" என்று கேட்டேன். முட்டி வலியாம். சோம்பேறித்தனத்துக்கு முட்டி என்று ஒரு பெயர்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பச்சப்பயறு கடைந்தேன். கொஞ்சம் கூடிப்போய்விட்டது. வீணாகப் போகுமே என்று ஆறுச்சாமிக்குக் கொடுத்தனுப்பினேன். முட்டிக்கு வேப்பெண்ணெயும் ஒரு பாட்டில் வீட்டில் சும்மா கிடந்தது.

அக்டோபர் 5, சனி

முடிந்தது. இரண்டு லைனும் மில் கேட்டும் கேன்டீனும் பஞ்சுமிட்டாய் மாதிரி ஜொலிக்கின்றன. மிருதுளாவுக்குப் போன் போட்டு, "ஆயுத பூஜைக்கு வா கண்ணு, உனக்கொரு சங்கதி காட்டறோம்" என்று மட்டும் சொன்னேன். சந்தோஷத்தில் எனக்கே இருப்புக்கொள்ளவில்லை.

அக்டோபர் 7, திங்கள், ஆயுத பூஜை

எங்கே ஆரம்பிப்பது?

மில் ஓடியபோது வருடத்துக்கு ஒரே நாள், ஆயுத பூஜையன்றுதான், குடும்பத்தையெல்லாம் உள்ளே விடுவார்கள். மெஷினுக்கு மெஷின் வாழைக்கன்று, கலர் பேப்பர் தோரணம், பொரி கடலை, லட்டுப் பொட்டலம். மில் மூடின பிறகும் பழைய ஆட்கள் இந்த நாளில் வராமல் இருந்ததில்லை. உள்ளே போக முடியாது. அதனால் மில் கேட்டில் தொங்குகிற பூட்டுக்கே சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவோம். இன்றைக்கும் திருப்பூர், பல்லடம், அவிநாசி என்று எங்கெங்கிருந்தோ மகன், மருமகளோடு வந்திருந்தார்கள். வந்தவர்களெல்லாம் ரோஸ் கலரைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அதைப் பாராட்டு என்றே நினைத்தேன்.

பூசணிக்காய் உடைக்கிற நேரத்துக்கு மிருதுளா வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்தினாள். தொப்பியைக் கழற்றினாள். அப்படியே நின்றாள்.

"எப்படி இருக்குது கண்ணு?" என்றேன்.

"ஆண்ட்டி... ஏன் ஆண்ட்டி?" என்று சொல்லிவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். கமிட்டிக்காரர்கள் பார்க்க வருவதே அந்தப் பழைய சுண்ணாம்பையும் செங்கலையுந்தானாம். அந்தக் காலத்துக் கட்டடம் அந்தக் காலத்து மேனியோடு நின்றால்தான் காப்பாற்ற முடியுமாம். இதைப் பார்த்தால் புது முதலாளியின் வக்கீல், இதிலே பழசு எங்கே இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாராம்.

"ஒண்ணும் செய்யாதீங்கன்னு அவ்வளவு தூரம் சொன்னேனே!"

"நீ மரியாதைக்குச் சொல்றேன்னு நெனச்சுட்டோம் சாமி" என்றார் ஆறுச்சாமி.

மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேற்கு லைன் சுவரை ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்தாள். ரோஸ் கரைந்து வந்தது, கீழே சுண்ணாம்பு அப்படியே இருந்தது. தண்ணீரும் தேங்காய் நாரும் போதும், கம்பி பிரஷ் கூடாது, சலவைச் சோடா கூடாது, மெதுவாகத் தேய்த்தால் எடுத்துவிடலாம், ஆனால் நாள் எங்கே இருக்கிறது என்றாள்.

ஆறுச்சாமி கேட் பக்கத்துத் திட்டில் ஏறி நின்றார். முட்டி வலி எங்கே போயிற்றோ. "யாரும் ஊட்டுக்குப் போகாதீங்க! ஷிப்ட் இருக்குது!" என்று கத்தினார்.

கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ, "எந்த ஷிப்டுங்க?" என்று கேட்டார்கள்.

"மூணு ஷிப்டும் ஓடுதுங்க!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு மட்டுமா? பட்டுப் புடவையில் வந்திருந்த ரீலிங் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். நீலக் கொடிக்காரர்கள் சிவப்புக் கொடி மேஸ்திரிக்குக் கீழே வேலை செய்ய முடியாது என்று முரண்டு பிடித்தார்கள். மிருதுளாவையே மேஸ்திரி ஆக்கினோம். அவளுக்குக் கொடி கிடையாது.

அக்டோபர் 8, செவ்வாய்

பகல் ஷிப்டில் நான். கேன்டீன் அடுப்பு எரிகிறது, மரகதம் உப்புமா கிண்டுகிறாள். குழாயடியில் பாட்டு, கேலி. மருமகள்கள், "இப்படியா அத்தை வேலை செஞ்சீங்க?" என்று கேட்கிறார்கள். இவ்வளவு சிரித்து எத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை.

அக்டோபர் 9, புதன்

மேற்கு லைன், கேட், கேன்டீன் எல்லாம் பழைய மேனிக்கு வந்துவிட்டன. ஆறுச்சாமி ஒரே கோட் அடித்த சுவர்தான் முதலில் வெளுத்தது. "பாத்தீங்களா அம்மிணி, சோம்பேறித்தனத்துலயும் ஒரு நல்லது இருக்குது" என்றார்.

என் லைனுக்கு மட்டும் வழியில்லை. மிருதுளா சிமெண்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை உடைச்சா செங்கல்லும் சேர்ந்து வந்துடும் ஆண்ட்டி, விட்டுடுங்க" என்றாள். பூசச் சொன்னது நான். யாரையும் நோக முடியாது.

அக்டோபர் 10, வியாழன்

கமிட்டி வந்தது. தலைவர் வயதானவர், சிரித்த முகம். எல்லார் கையும் ஏன் இப்படி ரோஸாக இருக்கிறது என்று கேட்டார். ஆறுச்சாமி நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மேற்கு லைன் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

என் லைன் முன்னால் வந்ததும் முதலாளியின் வக்கீல் என்னைக் கேட்டார். "இது எந்தக் காலத்துச் சுவரும்மா?"

"சிமெண்ட்டு போன மாசத்ததுங்க. உள்ள இருக்கற செவுரு எங்க மாமனார் குடி வந்தப்பவே இருந்ததுங்க."

"உள்ளே இருக்கிறதை யாரு பார்க்க முடியும்?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு, தீபாவளி

மோகன் வந்திருந்தான். முடிவு இன்னும் வரவில்லை. எனக்கென்று ஓசூரில் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறானாம். அதிரசம் நன்றாக வந்தது. ஆறுச்சாமிக்கு எட்டு கொடுத்தேன். சர்க்கரை வியாதிக்காரருக்கு எட்டு எதற்கு என்று மோகன் கேட்டான். அவன் எதற்கு எண்ணுகிறான்?

நவம்பர் 4, திங்கள்

மிருதுளாவே நேரில் வந்து சொன்னாள். மேற்கு லைன், கேட், கேன்டீன் மூன்றையும் இடிக்கக்கூடாது. கிழக்கு லைனை இடித்துக்கொள்ளலாம். மேற்கு லைனில் கூரை போன வீடுகளைச் சரி செய்ததும் அதில் ஒன்று எனக்கு. அதற்கு ஒரு வருடமாவது ஆகும். அதுவரைக்கும்?

என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸாரி ஆண்ட்டி" என்றாள். "நீ என்ன கண்ணு பண்ணுவே, ஆறு குடும்பத்தைக் காப்பாத்திப் போட்டே" என்று காப்பி போட்டுக் கொடுத்தேன். எதிரே தீபாவளிக்கு மீந்த சரத்தைக் கொளுத்தினார்கள். என்னைப் பார்த்ததும் அவசரமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். "எதுக்கு நிறுத்தறீங்க? நல்ல நாளும் அதுவுமா! வெடிங்க!" என்று நானே போய்ச் சத்தம் போட்டேன்.

வீட்டுக்குள் வந்து அழுதேன். ஓசூரை நினைத்து அழுதேன் என்று எழுதினால் பாதிதான் நிஜம்.

நவம்பர் 7, வியாழன்

பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிறேன். ஆறுச்சாமி மூன்று நாளாக இந்தப் பக்கமே வரவில்லை. எனக்கென்ன வந்தது?

நவம்பர் 9, சனி

மரகதம் சொன்னாள். "துளசியக்கா, ஆறுச்சாமியண்ணன் ஊட்டைக் காலி பண்றாப்பல இருக்குது. பழைய சாமானெல்லாம் வெளிய கிடக்குது. திருப்பூர்ல இருந்து மக வந்திருக்கறா."

ஓகோ. வீடு இடிபடாமல் தப்பின பிறகு மகள் வீட்டுக்குப் போகிறாராக்கும்! அதற்கா இத்தனை பேர் நார் பிடித்துத் தேய்த்தோம்? ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை பாருங்கள். காப்பிக்கு இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்பக் கவிழ்த்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

சாயங்காலம் ஆறுச்சாமி மகளோடு வந்தார். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"திருப்பூருக்கு எப்பப் பயணமுங்க?" என்று நானே வெடுக்கென்று கேட்டேன்.

"நான் எதுக்குங்க திருப்பூர் போறேன்?" என்று முழித்தார். "முன்ரூமைக் காலி பண்ணி வெச்சிருக்கறனுங்க. கூரை வேலை முடியற வரைக்கும் நீங்க அங்க இருந்துக்கலாம். எதுக்கு ஓசூருக்கு?"

ஓசூருக்குக் கட்டி வைத்த சாக்கைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். ஆனாலும் விடுவேனா? "அப்படி வந்து இருந்தா அதுக்கு என்ன பேருங்க?" என்றேன்.

அவர் வேட்டி நுனியைத் திருகினார். மகள், "சொல்லுங்கப்பா, வழியெல்லாம் சொல்லிப் பாத்தீங்கல்ல?" என்று முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

"பேரு வெக்கறதுன்னா... மருதமலைக் கோயில்ல ரெண்டு மாலை மாத்திக்கலாமுங்க அம்மிணி. இந்த வயசுல சிரிப்பாங்கதான். எனக்கு நீங்க போறதுதானுங்க தாங்கல."

"ஒரு வருசத்துல எனக்குத் தனி வீடு வந்துருமே, அப்ப?"

"அப்பவும் மாலை மாத்தினது மாத்தினதுதானுங்களே."

மோகனுக்கு அவர் முன்னாலேயே போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "எதிர்லைன் ஆறுச்சாமியக் கட்டிக்கப் போறேன்டா" என்றேன். முதலில் ஹேமலதா சிரிக்கிறதுதான் கேட்டது. பிறகு மோகன், "அப்ப நீ இங்க வரவே மாட்டியாம்மா?" என்றான்.

"வருவேன் சாமி. ரெண்டு பேரும் வந்து பத்து நாள் இருப்போம். நீயே போகாதேன்னு கையைப் புடிச்சாலும், எங்க வீடு சும்மா கிடக்குதுன்னு சொல்லிட்டுக் கெளம்பிருவோம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஆறுச்சாமி ஒரு பாத்திரச் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதற்குள் பாதித் தெருவைத் தாண்டியிருந்தார்.